மகள் கல்யாணத்துக்குள் முகச் சிகிச்சைகள்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வைப்பது?

பொன்னி_திருச்சி | ஜூன் 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. பெரியவளுக்குத் தை மாதம் கல்யாணம், ஜனவரி 25. நிச்சயதார்த்தப் போட்டோ வந்த அன்று அவளும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு படத்தில் என்னைக் காட்டி, "ஏம்மா, அன்னைக்கு யார் மேல கோபம்?" என்று கேட்டாள். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அன்று நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். புருவ மத்தியில் இருக்கும் இரண்டு கோடுதான் அப்படிக் காட்டுகிறது.

அதோடு இரண்டு கன்னத்திலும் மங்கு இருக்கிறது, பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்ணுக்குக் கீழே பள்ளம். நெற்றிப்பொட்டுப் பக்கம் பழைய பருக்குழி கொஞ்சம்.

இங்கே ஒரு கிளினிக்கில் கேட்டேன். கோடு தெரியாமல் தசையைத் தளர்த்தும் ஊசியான போடாக்ஸ், கண்ணுக்குக் கீழே பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி, நிறத்தைக் குறைக்க லேசர் டோனிங், அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல், ஊசிப் புள்ளி போட்டு நம் ரத்தத்திலிருந்தே பிரித்ததைத் தடவும் பிஆர்பி, அப்புறம் ஒலி அலையால் தோலை இறுக்கும் ஹைஃபு. ஆறையும் சேர்த்து ஒரு பேக்கேஜ், எட்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். இந்த வாரமே பணம் கட்டினால் தள்ளுபடியாம். எதை முதலில் செய்வார்கள் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எந்த நாள் வசதியோ அப்படி வைத்துக்கொள்ளலாம்" என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். அந்தப் பதில்தான் எனக்கு உறுத்துகிறது. சாம்பாருக்கே எதை முதலில் போடுவது என்று ஒரு வரிசை இருக்கிறதே. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அடையாறு_அனு | ஜூன் 9, இரவு 10.15

வாழ்த்துகள் அக்கா! எனக்கு 38. வேலையில் அடிக்கடி லீவு எடுக்க முடியாது என்பதால் போன வருடம் ஒரே நாளில் லேசரும் போடாக்ஸும் செய்துகொண்டேன். எந்தப் பிரச்சினையும் வரவில்லை. இரண்டு வாரத்தில் நெற்றி வழவழவென்று ஆகிவிட்டது. வரிசையை நினைத்து ரொம்பப் பயப்பட வேண்டாம். நல்ல கையாக இருந்தால் போதும்.

நெல்லை_செவிலி | ஜூன் 9, இரவு 11.02

பொன்னி அக்கா, பணம் மட்டும் இப்போது கட்டிவிடாதீர்கள். தோல் கிளினிக்குகளில் 11 வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன். "இந்த வாரமே" என்பது அடுத்த வாரமும் இருக்கும், அதற்கடுத்த வாரமும் இருக்கும்.

மொத்தப் பேக்கேஜில் ஒரு சிக்கல் உண்டு. முன்பணம் வாங்கிவிட்டால் ஆறையும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இரண்டு பக்கமும் வந்துவிடும். மூன்றாவது சிட்டிங்கில் முகம் சிவந்து போனாலும், மீதி மூன்றை நிறுத்தச் சொல்லும் மனது யாருக்கும் வராது. சிட்டிங்குக்குச் சிட்டிங் பணம் கொடுக்கும் இடமாகப் பாருங்கள். பார்ப்பவர் எம்.டி. தோல் மருத்துவம் படித்தவரா, கையில் ஊசி பிடிக்கப்போவதும் அவரேதானா என்று கேளுங்கள். ஆலோசனைக்கு ஒருவர், ஊசிக்கு வேறொருவர் என்று நடக்கும் இடங்கள் இருக்கின்றன.

கும்பகோணம்_வெற்றிலை | ஜூன் 10, காலை 6.30

என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு ஓர் இடத்தில் பீல் செய்தார்கள். மூன்றாம் நாள் உரிய ஆரம்பித்தது. "ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்றார்கள். அதற்குள் நலங்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அத்தைகள் ஆறு பேர். ஒவ்வொருவரும் மஞ்சளும் கடலை மாவும் குழைத்துக் கன்னத்தில் தேய்த்தார்கள். பெண் வெட்கத்தில் கண் கலங்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எரிச்சல் தாங்காமல் அழுதிருக்கிறாள். மறுநாள் காலையில் கன்னத்தில் ஈரம் கசிந்து பொருக்குக் கட்டியிருந்தது.

கல்யாணம் மேக்கப் பூசி நடந்தது. அந்தப் பழுப்புத் தழும்பு மங்கி மறைய ஐந்து மாதம் ஆனது. பீல் மேல் தப்பில்லை, மஞ்சள் மேலும் தப்பில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. நலங்கு எப்போது என்று அந்த இடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மதுரை_தோல்மருத்துவர் | ஜூன் 10, மதியம் 2.20

பொன்னி அம்மா, வணக்கம். நான் தோல் மருத்துவர். முகத்தைப் பார்க்காமல் யாருக்கும் மருந்து எழுத மாட்டேன். ஆனால் சிலவற்றைக் கேட்க வேண்டும். இந்தப் பதில்கள் தெரியாமல் வரிசையைப் பற்றிப் பேசினால் அது வெறும் ஊகம்.

மங்குக்கு இப்போது என்ன க்ரீம் போடுகிறீர்கள்? எத்தனை நாளாக? அதை நான்கு நாள் நிறுத்தினால் என்ன ஆகிறது? மாதவிடாய்க்கு ஏதாவது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? காலில் ரத்தம் கட்டிய வரலாறு உண்டா? உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வந்து வந்து போகுமா? முகம் ஒடுக்கமா, சதைப்பற்றாக இருக்குமா?

பொன்னி_திருச்சி | ஜூன் 10, இரவு 8.55

டாக்டர் அம்மா, நீங்கள் கேட்டதும் பீரோவிலிருந்து டியூபை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று மருந்து கலந்தது என்று போட்டிருக்கிறது. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மூன்றாவது மொமெட்டசோன். சீட்டு எதுவும் இல்லை. முதலில் ஒரு சொந்தக்காரப் பெண் கொடுத்தாள். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் நானே வாங்கிக்கொண்டேன். மூன்று வருடம் இருக்கும், தினமும் ராத்திரி.

நிறுத்தினால் மூன்றாம் நாளே முகம் சிவந்து எரிகிறது. அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாது. அதனால் திரும்பப் போட்டுவிடுவேன், உடனே அடங்கிவிடும். கன்னத்தில் பூனைமுடி மாதிரி முடி வந்திருக்கிறது, வயசால்தான் என்று இருந்துவிட்டேன். ஹார்மோன் மாத்திரை இல்லை, ரத்தக்கட்டும் இல்லை. கொப்புளம் வந்ததில்லை. முகம் ஒடுக்கம்தான்.

இதை அந்தக் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை.

மதுரை_தோல்மருத்துவர் | ஜூன் 11, இரவு 10.30

அம்மா, உங்கள் வரிசையில் முதல் இடம் அந்த டியூபுக்குத்தான். ஆறு சிகிச்சையில் ஒன்றுகூட அதற்கு முன்னால் வராது.

மொமெட்டசோன் என்பது ஸ்டீராய்டு. மூன்று மருந்தைக் கலந்து மங்குக்குப் போடும் முறை 1975இல் அமெரிக்காவில் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவர் எழுதியதிலிருந்து வருகிறது. நல்ல மருந்துதான், நானும் எழுதுகிறேன். ஆனால் அது சில வாரத்துக்கான மருந்து. ஃப்ளூசினோலோன் என்ற மென்மையான ஸ்டீராய்டு சேர்ந்த வகையையே 8 வாரம் வரைக்கும்தான் சொல்வார்கள். நீங்கள் அதைவிட வீரியமானதை மூன்று வருடம் போட்டிருக்கிறீர்கள். தோல் மெலிந்திருக்கும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். அந்தப் பூனைமுடிக்கும் நிறுத்தினால் வரும் எரிச்சலுக்கும் காரணம் அதுதான். நம் நாட்டில் இது அவ்வளவு பரவலாக இருப்பதால், ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்தோம். 2018இல் இந்த வகைப் பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் அரசு சேர்த்தது. அப்படியும் கைக்குக் கை போய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் மேல் குற்றமில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தோலின் மேல் லேசர் பட்டால், பீல் பட்டால், ஊசிப் புள்ளி போட்டால் என்ன ஆகும்? நம் மாநிறத் தோலில் எந்தக் காயமும் ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுத்தான் போகும். கொசு கடித்த இடம்கூட ஒரு மாதம் கறுத்துக் கிடக்கிறதல்லவா? மெலிந்து சிவந்த தோலில் அது இரட்டிப்பாகும். எட்டு வாரத்தில் ஆறையும் செய்திருந்தால் மங்கு இன்னும் கருத்து, அகலமாகியிருக்கும் என்பது என் பயம்.

சரி, வரிசைக்கு வருகிறேன். எந்தச் சிகிச்சை எதைக் கெடுக்கும் என்று முதலில் பார்ப்பேன். ஒவ்வொன்றும் பலன் காட்டவும் அடங்கவும் எத்தனை நாள் எடுக்கும் என்று அடுத்து பார்ப்பேன். அப்புறம் கல்யாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். இன்றிலிருந்து ஜனவரி 25க்குச் சுமார் 33 வாரம் இருக்கிறது. நிறைய நேரம்.

செப்டம்பர் நடு வரை தோல் தேறட்டும். ஸ்டீராய்டை ஒரே நாளில் தூக்கிப் போடாதீர்கள். நேரில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள், எரிச்சலுக்கு மாற்று மருந்து அவர் தருவார். நடுவில் பரு மாதிரி பொங்கும், பயப்பட வேண்டாம். மணமில்லாத மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். பட்டாணி அளவு போதாது. லேசாகத் தோல் நிறம் சேர்ந்த வகையை வாங்குங்கள். அதில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். மங்கு கருக்க அந்த வெளிச்சமும் ஒரு காரணம். அடுப்புச் சூடும்தான், தீபாவளிப் பலகாரத்தை இந்த வருடம் வேறு யாராவது சுடட்டும். ட்ரனெக்ஸாமிக் அமில மாத்திரை தரலாமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். அதிக உதிரப்போக்குக்குக் கொடுக்கும் அதே மாத்திரை, மங்குக்குக் குறைந்த அளவில் கொடுப்போம். ரத்தக்கட்டு வரலாறு கேட்டது அதற்காகத்தான்.

இந்த நாட்களில் ஒன்றே ஒன்று செய்யலாம், புருவ மத்திக்குப் போடாக்ஸ். அதில் சூடு கிடையாது, தோலும் உரியாது, அதனால் மங்கு கிளம்பாது. எரிச்சல் அடங்கியபின், ஆகஸ்ட்டில் போட்டுப் பாருங்கள். மூன்று நான்கு நாளில் இறுகல் தளரத் தொடங்கும், முழுப் பலன் இரண்டு வாரத்தில் தெரியும், மூன்று நான்கு மாதம் நிற்கும். அப்படியானால் ஜனவரிக்குள் போய்விடுமே என்று கேட்பீர்கள். அதுதான் திட்டம். ஆகஸ்ட்டில் போடுவது ஒத்திகை. எத்தனை யூனிட் வேண்டும், புருவம் கனக்கிறதா, உங்கள் முகம் உங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். டிசம்பர் இரண்டாம் வாரம் அதே அளவை மறுபடி போட்டால் கல்யாணத்தன்று ஆறு வாரம் ஆகியிருக்கும். இயல்பாக அமர்ந்திருக்கும். வாழ்க்கையில் முதல் ஊசியைக் கல்யாணத்துக்கு முந்தின மாதம் போட்டுக்கொள்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

செப்டம்பர் கடைசியிலிருந்து பீல். மேண்டலிக் அல்லது லாக்டிக் போன்ற மென்மையானது. முதலில் காதோரம் ஒரு பொட்டு அளவு வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று வார இடைவெளியில் மூன்று சிட்டிங். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு வாரம் த்ரெட்டிங், வேக்ஸிங், பிளீச் கிடையாது.

நவம்பர் நடுவில், கடைசிப் பீல் ஆறிய பிறகு, கண்ணடி ஃபில்லர். தேவைப்பட்டால் மட்டும். இதைப் பீலுக்குப் பின்னால் வைக்கக் காரணம் உண்டு. கருவளையத்தில் எவ்வளவு நிறம், எவ்வளவு பள்ளம் என்பது நிறம் தெளிந்தபின்தான் தெரியும். இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். காலையில் ஜன்னலுக்கு எதிரே கைக்கண்ணாடியோடு உட்கார்ந்து, மெல்ல முகவாயை மேலே தூக்குங்கள். வெளிச்சம் நேராக விழுந்ததும் கருமை மறைந்தால் அது பள்ளத்தின் நிழல், ஃபில்லர் உதவும். மறையாமல் அப்படியே இருந்தால் அது நிறம், ஃபில்லர் போட்டும் போகாது. அந்த இடத்தில் வீக்கம் அடங்க இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தோல் மெலிந்த இடத்தில் மேலாகப் போட்டுவிட்டால் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும். ஹயலூரானிக் அமில வகையாக இருந்தால் கரைக்க மருந்து இருக்கிறது. திருத்தவோ கரைக்கவோ நாள் வேண்டும் என்பதால்தான் டிசம்பருக்குத் தள்ளாமல் நவம்பர் என்கிறேன்.

லேசர் டோனிங்கை விட்டுவிடலாம். திரும்பத் திரும்பச் செய்தால் சிலருக்கு அரிசி மணி அளவில் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. மங்கு பழையபடி திரும்பிவரவும் செய்கிறது. ஹைஃபுவும் உங்களுக்கு வேண்டாம். அது ஒலி அலையால் தோலுக்கு 4.5 மில்லிமீட்டர் அடி வரை சூடேற்றி இறுக்குவது. தொங்கும் சதைக்கு நல்லது, ஒடுங்கின முகத்தில் கொழுப்பு கரைந்தால் இன்னும் பள்ளமாகும். ஊசிப் புள்ளி, பிஆர்பி பருக்குழிக்குத்தான். அந்தக் குழி இத்தனை வருடம் இருந்தது, கல்யாணம் முடியும் வரை இருக்கட்டும்.

ஜனவரி 4க்குப் பிறகு யாரும் உங்கள் முகத்தில் புதிதாக எதையும் செய்யக் கூடாது. பிரைடல் பேக்கேஜோடு அம்மாவுக்கு இலவச ஃபேஷியல் என்று பார்லரில் சொல்வார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடையாறு_அனு | ஜூன் 12, காலை 9.10

டாக்டர், மரியாதையோடு ஒரு கேள்வி. ஒரே நாளில் செய்வது தப்பு என்றால் எனக்கு எப்படி நன்றாக வந்தது? பெரிய பெரிய கிளினிக்குகளில் எல்லாம் சேர்த்துத்தான் செய்கிறார்கள். லீவும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

மதுரை_தோல்மருத்துவர் | ஜூன் 12, இரவு 9.45

நியாயமான கேள்வி. ஒரே நாளில் செய்வது தப்பில்லை அனு. நானும் செய்கிறேன், ஆனால் அன்றைக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. சூடு தரும் கருவிகள் முதலில். அவற்றுக்கு ஜெல் தடவி அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். முகத்தைத் துடைத்து, குளிர வைத்து, வீக்கம் இல்லை என்று பார்த்தபின் ஃபில்லர். கடைசியில் போடாக்ஸ். போட்டுவிட்டு மேலே தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்கு நகரும், இமை தொங்கக்கூட வாய்ப்பு உண்டு. ஃபில்லர் ஏற்கனவே இருக்கும் முகத்தில் சூடு தருவதானால் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் விடுவேன்.

ஊசி இரண்டுக்கும் நடுவில் நாள் இருந்தால் போடாக்ஸ் முதலில், இரண்டு வாரம் கழித்து ஃபில்லர் என்பது என் வழக்கம். தசை தளர்ந்ததும் பாதிக் கோடு தானாகப் போய்விடும், ஃபில்லர் குறைவாகவே வேண்டியிருக்கும். புருவ மத்திக் கோட்டை நிரப்பவே வேண்டாம். அங்கே இருக்கும் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு சேர்கின்றன. ஃபில்லர் அதற்குள் போனால் பார்வையே போகக்கூடும். மூக்குக்கும் இதே ஆபத்து.

உங்களுக்கு மங்கு இல்லை, தோல் திடமாக இருந்தது, நன்றாக வந்தது. நிறம் நிலையில்லாத தோலில் நான் ஒன்றொன்றாகச் செய்வதற்குக் காரணம், ஏதாவது ஆனால் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். நான்கையும் ஒரே வாரத்தில் செய்து பத்தாம் நாள் கன்னம் கறுத்தால், எதை நிறுத்துவது என்று எனக்கே தெரியாது.

அடையாறு_அனு | ஜூன் 12, இரவு 10.05

புரிகிறது டாக்டர். முதல் பதிவில் நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் பொன்னி அக்கா.

ஓசூர்க்காரன் | ஜூன் 14, இரவு 11.20

ஆண்களும் கேட்கலாமா? வயது 29. கன்னம் முழுக்கப் பருக்குழி, இன்னும் மாதத்துக்கு நாலைந்து பரு வருகிறது. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை மூன்றாம் மாதம். மாத்திரை முடிந்து ஆறு மாதம் வரை எதையும் தொடக் கூடாது என்று ஒருவர் சொன்னார். குழியை நிரப்ப முதலிலேயே ஃபில்லர் போட்டால் என்ன என்று இன்னொருவர். குழம்பிப் போயிருக்கிறேன்.

மதுரை_தோல்மருத்துவர் | ஜூன் 15, காலை 7.15

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. பரு நிற்காமல் குழிக்குச் சிகிச்சை செய்வது ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைப்பது போல. முதலில் பரு அடங்கட்டும். எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் என்பது பழைய விதி. 2017இல் நிபுணர்கள் கூடிச் சான்றுகளைப் பார்த்தபோது, மேலோட்டமான பீலுக்கும் சில மென்மையான லேசர்களுக்கும் அவ்வளவு காத்திருக்க ஆதாரம் இல்லை என்றே சொன்னார்கள். தோலைச் செதுக்கி எடுக்கும் சிகிச்சைகளுக்கு இன்னும் காத்திருப்போம்.

அப்புறம் அடியிலிருந்து மேலே வாருங்கள். தோலை உள்ளே கட்டி இழுக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடுவது முதலில். ஊசியால் குத்தியது போல் குறுகி ஆழமாக இருக்கும் குழிகளுக்கு அடர்த்தியான டிசிஏ அமிலத்தைக் குழிக்குள் மட்டும் தொட்டு வைப்பது அடுத்து. மேற்பரப்பைச் சமன்செய்யும் மைக்ரோநீடிலிங் (ஊசிப் புள்ளி) அல்லது லேசர் பிறகு, நாலு முதல் ஆறு வார இடைவெளியில். அதற்கும் மிஞ்சி நிற்கும் குழிக்குத்தான் ஃபில்லர்.

நெல்லை_செவிலி | ஜூன் 16, மாலை 6.40

டாக்டர் வரிசையைச் சொல்லிவிட்டார். ஊசி போடும் அன்று நாற்காலியில் உட்கார்ந்தபின் நாம் என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

குப்பியை உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். போடாக்ஸ் பொடியாக வரும், உப்பு நீர் விட்டுக் கரைப்பார்கள். அதிகம் நீர் விட்டால் ஊசி நிறையத் தெரியும், மருந்து குறைவாக இருக்கும். அதனால் "எத்தனை ஊசி" என்று கேட்காமல் "எத்தனை யூனிட்" என்று கேளுங்கள். புருவ மத்திக்கு போடாக்ஸில் வழக்கமான அளவு 20 யூனிட். அதே வகையில் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட் என்றால் எண் வேறு, அதன் யூனிட் கணக்கே தனி. ஃபில்லர் பெட்டியில் ஒட்டுத்தாள் இருக்கும், அதில் தொகுதி எண் இருக்கும். அதை உங்கள் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்லர் போடும் முன் ஒரே கேள்வி: "கரைக்கிற மருந்து இப்போது இங்கே இருக்கிறதா?" ஹயலூரானிடேஸ் என்று பெயர். "தேவைப்பட்டால் வரவழைப்போம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போட்டபின் தோல் வெளுத்தாலோ, வலை பின்னியது போல் நீலம் படர்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த நிமிடமே கூப்பிடுங்கள். ஒரு முறை அப்படி ஒரு பெண் இரவு எட்டு மணிக்குப் போன் செய்தார். மேலுதட்டுக்கு மேல் வெள்ளையாக இருக்கிறது என்றார். திரும்ப வரவழைத்து டாக்டர் மருந்து போட்டார். அரை மணி நேரத்தில் அந்த இடத்தில் ரத்தம் பாய்ந்து சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று படுத்திருந்தால் அந்த உதடு என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

பல்லுக்கு வேர் சிகிச்சை, சுத்தம் செய்தல் ஏதாவது பாக்கி இருந்தால் ஃபில்லருக்கு முன்னாலேயே முடியுங்கள், அல்லது இரண்டு வாரம் கழித்து வையுங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகள் சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள், ரத்தம் கட்டி நீலமாகும். இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கும்பகோணம்_வெற்றிலை | ஜூன் 16, இரவு 8.00

அக்கா, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போவீர்கள்தானே? கார்த்திகையில் ஊர் ஊராக அலைவோம். அதையும் கணக்கில் வையுங்கள். என் அம்மா ஸ்கூட்டியில் நூறு வீடு போய்வந்து முகம் கறுத்துப் போனார்.

மதுரை_தோல்மருத்துவர் | ஜூன் 16, இரவு 9.30

மிக நல்ல கேள்வி, நான் கேட்காமல் விட்டது. முகம் உரிந்துகொண்டிருக்கும் வாரத்தில் வெயிலில் போகவே கூடாது. பத்திரிகை எந்த வாரம் என்று சொல்லுங்கள் அம்மா, பீலை அதற்கு ஏற்ப நகர்த்த வேண்டும்.

பொன்னி_திருச்சி | செப்டம்பர் 21, இரவு 9.15

மூன்று மாதம் கழித்து வருகிறேன். பணம் கட்டவில்லை. இங்கேயே ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். டியூபைக் காட்டியதும் அவரும் டாக்டர் அம்மா சொன்னதையேதான் சொன்னார்.

ஜூலை மாதம் கொடுமையாக இருந்தது. முகம் முழுக்கச் சிவந்து, பொரிப்பொரியாக வந்தது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பீரோவைத் திறந்துவிட்டேன். டியூபை என் மகள் முன்னாடியே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அவள் மடியில் படுத்துக்கொண்டேன். ஆகஸ்ட் நடுவில் எரிச்சல் நின்றது. மங்கு முதலில் கருத்துத் தெரிந்தது, இப்போது ஓரங்கள் மங்கியிருக்கின்றன.

ஆகஸ்ட் 23 அன்று புருவ மத்திக்கு மட்டும் 20 யூனிட் போட்டோம். முதல் வாரம் நெற்றி கொஞ்சம் கனமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. ஜன்னலோரக் கண்ணாடிச் சோதனையும் செய்தேன். முகவாயைத் தூக்கினால் முக்கால்வாசி மறைகிறது. பத்திரிகை வைப்பது டிசம்பர் முதல் வாரத்திலிருந்து, மார்கழி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

மதுரை_தோல்மருத்துவர் | செப்டம்பர் 22, காலை 7.00

கடினமான பகுதியைக் கடந்துவிட்டீர்கள். ஒளித்து வைத்த மகளுக்கு என் நன்றி. பத்திரிகை டிசம்பரில் என்றால் பீல் மூன்றையும் நவம்பர் முதல் வாரத்துக்குள் முடிக்கலாம். வெளியே போகும்போது குடை பிடியுங்கள், மதியம் பதினொன்றிலிருந்து மூன்று வரை யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.

பொன்னி_திருச்சி | பிப்ரவரி 8, மாலை 5.30

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பீல் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாவதற்குப் பிறகு இடது கன்னத்தில் லேசாகச் சிவப்பு இருந்ததால் மூன்றாவது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நவம்பர் 16 அன்று ஃபில்லர், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே ஊசி, அதிலும் கொஞ்சம் மீதி. பன்னிரண்டு நாள் வீக்கம் இருந்தது. ஒரு கண்ணில் நீலமும் கட்டியது. பத்திரிகை கொடுக்கக் கிளம்பியபோது எதுவும் தெரியவில்லை. டிசம்பர் 12 அன்று மறுபடி 20 யூனிட். பார்லரில் இலவச ஃபேஷியல் சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தாரை வார்க்கும்போது ஹோமத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். என் தம்பி பின்னாலிருந்து விசிறிக்கொண்டே இருந்தான், நான் சொல்லி வைத்திருந்தேன். மங்கு முழுதாகப் போகவில்லை, போகாது என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். அருகில் பார்த்தால் தெரியும். எனக்கு அது போதும்.

நேற்று ஆல்பம் வந்தது. நான் அழுதுகொண்டு நிற்கும் படத்தில்கூடக் கோபமாகத் தெரியவில்லை.

டாக்டர் அம்மா, பொட்டுப் பக்கத்துப் பருக்குழியை இப்போது தொடங்கலாமா?

மதுரை_தோல்மருத்துவர் | பிப்ரவரி 8, இரவு 10.10

மனது நிறைந்துவிட்டது அம்மா. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் வாழ்த்துகள்.

பங்குனி, சித்திரை வெயிலில் அதைத் தொட வேண்டாம். கத்திரி முடிந்து, ஆடிக் காற்றும் ஓயட்டும். ஆவணியில் பார்க்கலாம். அதுவரை சன்ஸ்கிரீன், இரண்டு விரல்.